தாலி கட்டும் நேரம்: செல் பிரிதல் பற்றிச் சில கேள்விகள்

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வெங்காய வேரைப் பற்றித்தான்.

கேள்வி: வேர்நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லா செல்லிலும் உருண்டையாக ஒரு புள்ளிதான் தெரிகிறது. புத்தகப் படம் மாதிரி ஒன்றுமே இல்லை. ஏன்?

நீங்கள் பார்த்ததும் செல் சுழற்சிதான் தம்பி, இரண்டு பிரிதலுக்கு நடுவில் வரும் இடைநிலை. மனித செல் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறதென்றால், அதில் உட்கரு இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸுக்குப் போவது ஒரு மணி நேரம் போல. மீதி நேரமெல்லாம் ஜி1-இல் வளர்வதும், எஸ்-இல் டி.என்.ஏ.வை நகலெடுப்பதும், ஜி2-இல் சரிபார்ப்பதுமாகக் கழிகிறது. வெங்காயத்திலும் இடைநிலைதான் நீளம். கல்யாண மண்டபத்தை எப்போதோ எட்டிப் பார்த்தால் தாலி கட்டும் நொடியே கண்ணில் படுமா?

சரி, கைப்பிசகும் இருக்கலாம். புதிதாக விட்ட வேரில் கடைசி 2 மில்லிமீட்டர் மட்டும் போதும். அதற்கு மேலே உள்ள செல்கள் நீள்கின்றன, பிரிவதில்லை. மாணவனாக இருந்தபோது நான் அரை அங்குலம் தள்ளி வெட்டிவிட்டு, நீள நீளமான செங்கல் போன்ற செல்களை ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தை விட்டு லேசாகச் சூடு காட்டுங்கள், கொதிக்கக் கூடாது. கவர் ஸ்லிப் வைத்து, மேலே பிளாட்டிங் பேப்பர் போட்டு, கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் போச்சு, செல்கள் சுருண்டுவிடும். முதலில் 10 எக்ஸ் லென்ஸில் சின்னச் சின்னச் சதுரமாக நெருங்கி நிற்கும் செல்களைத் தேடிவிட்டு, அப்புறம் 40 எக்ஸுக்குப் போங்கள். குரோமோசோம்கள் பிரிந்து விலகும் கட்டமான அனாஃபேஸ் ஒன்று அகப்பட்டால் தெரியும்: சிவந்த இரண்டு கொத்துகள் எதிரெதிர் முனைக்குப் போக, குரோமோசோம்களின் கைகள் பின்னால் இழுபட்டு வரும்.

கேள்வி: மனித செல்லின் 46 குரோமோசோம் நகலெடுத்தால் 92 ஆகாதா? ஆசிரியர் 46 என்றுதான் எழுதச் சொல்கிறார்.

ஆசிரியர் சொல்வது சரி. நகல்கள் இரண்டும் ஒட்டியிருக்கும் இடமான சென்ட்ரோமியரை எண்ண வேண்டும். நகலெடுத்த பிறகும் குரோமாட்டிடுகள் எனப்படும் அந்த இரண்டு நகல்களும் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதால் அது ஒரு குரோமோசோம்தான். அனாஃபேஸில் அவை பிரியும்போது கொஞ்ச நேரம் செல்லுக்குள் 92 இருக்கும். பிறகு ஆளுக்கு 46. நீங்கள் குழம்புவதில் வெட்கமில்லை. மனிதனுக்கு 48 என்றே விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நம்பினார்கள். டியோ, லெவான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1956-இல் 46 என்று திருத்தினார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கண்வலிக்கிழங்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

உண்டு, நெருங்கிய சம்பந்தம். கண்வலிக்கிழங்கு என்பது நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான். அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின், குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகளைச் சேரவிடாது. செல் அனாஃபேஸுக்கு முந்தைய கட்டமான மெட்டாஃபேஸோடு நின்றுவிடும், குரோமோசோம்களை நிதானமாக எண்ணலாம். டியோவும் லெவானும் கோல்சிசினைத்தான் பயன்படுத்தினார்கள். அதே காரணத்தால்தான் கிழங்கு நஞ்சாகவும் இருக்கிறது. ஓயாமல் பிரிய வேண்டிய குடல் செல்களும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிவாங்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வின்கிரிஸ்டின் ஏற்றுகிறார்கள். புற்றுநோய்க்குத் தரும் மருந்தில் முடி ஏன் கொட்டுகிறது?

வின்கிரிஸ்டினும் கதிர்கோலைத்தான் குலைக்கிறது. இழைகள் சரியாகப் பிடித்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைச்சாவடி ஒன்று செல்லுக்குள் உண்டு. பிடிக்காவிட்டால் அது அனாஃபேஸுக்கு விடாது, மாட்டிக்கொண்ட செல் பெரும்பாலும் செத்துப்போகும். வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் மருந்துக்கு ஒன்றுதான். முடியின் வேர்க்கால் செல்களும் அப்படிப் பிரிபவை. சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் முடி திரும்ப வளரும், அம்மாவிடம் சொல்லுங்கள். விரல் மரத்துப்போவதாகச் சொன்னால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நரம்புக்குள்ளும் அதே வகை இழைகள் இருக்கின்றன. இந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டு, வாசலில் இருக்கும் இலையை யாராவது அரைத்துக் கொடுக்கக் கிளம்புவார்கள். வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எல்லா செல்லும் பிரியுமா?

இல்லை. நரம்பு செல் சுழற்சியை விட்டு வெளியேறி, பிரியாமல் இருக்கும் ஜி0 என்ற நிலையில் உட்கார்ந்துவிடும். கல்லீரல் செல்லும் அங்கேதான் இருக்கும், ஆனால் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் எழுந்து வேலைக்கு வந்துவிடும். ரத்தச் சிவப்பணுவைக் கேட்டவருக்கு: அதற்கு உட்கருவே கிடையாது, பிரிவதற்கு என்ன இருக்கிறது?