பட்டா யார் பேரில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆகஸ்டில் எடின்பரோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். நீங்கள் ஒரு பேச்சில் சொன்னதை நம்பி ஒருநாள் ஸ்காட்லாந்தின் எல்லைப்புற ஊரான கெல்ஸோவுக்கு பஸ் ஏறினோம். ஊர் அழகுதான். ட்வீட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, டெவியட் ஆற்றங்கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு கேட் வந்தது. உள்ளே ஆடுகள். "யாருடைய நிலமோ, வம்பு வேண்டாம்" என்றார் கணவர். திரும்பிவிட்டோம். உண்மையைச் சொன்னால், புல்லைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அடுத்த வருஷமும் போகிறோம். வேறு நல்ல ஆற்றங்கரை நடை இருந்தால் சொல்லுங்கள். எனக்கு மூட்டுவலி, ஏற்றம் கூடாது. கரை நெடுக நம் காசித்தும்பை மாதிரியே ஒரு பூ பார்த்தேன். அதுதானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் பூ. காசித்தும்பையின் பங்காளிதான். 1839இல் இமயமலைப் பக்கமிருந்து தோட்டத்துக்காகக் கொண்டுபோனார்கள். இப்போது ஆற்றோரமெல்லாம் பரவி, அங்கிருந்த செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. காய் முற்றியிருந்தால் தொடாதீர்கள், வெடித்து விதையைத் தூவிவிடும்.

இனி அந்தக் கேட். இதைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக உங்கள் கடிதம் வந்தது.

தாசில்தாராக ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரோடு ட்வீட் கரையில் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு கேட்டிலும் நின்று, "இது யார் பேர்ல பட்டா?" என்பார். தெரியாது என்றால் நகரமாட்டார். ஆயுளெல்லாம் ஆக்கிரமிப்பு நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட கை, கேட்டின் கொண்டியைத் தொடக் கூசியது. நல்ல மனுஷன், அடுத்தவன் காம்பவுண்டில் விழுந்த மாங்காயைக்கூட எடுக்காதவர். அந்தக் கூச்சத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது ஸ்காட்லாந்தில் தேவையே இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

உங்களுக்கும் சொல்கிறேன். 2003இல் அங்கே ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 2005 பிப்ரவரியில் அதன் நடமாடும் உரிமை அமலானது. நிலம் பிரபுவுடையதாக இருக்கட்டும், பண்ணைக்காரருடையதாக இருக்கட்டும், பொறுப்போடு நடக்கிறவரைத் தடுக்க முடியாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குள் போகக் கூடாது, பயிரை மிதிக்காமல் வரப்போரமாகப் போக வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது, நாயைக் கால்நடைப் பக்கம் அவிழ்த்துவிடக் கூடாது. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடியே விட வேண்டும். அவ்வளவுதான். மீன் பிடிக்கும் உரிமை மட்டும் தனி, சால்மன் மீனுக்கு என்றால் கொள்ளைக் காசு.

இன்னொன்றும் கேளுங்கள். அதே ட்வீட் கெல்ஸோவுக்குக் கீழே சில மைல் போனதும் எல்லைக்கோடாகிவிடுகிறது. வடகரை ஸ்காட்லாந்து, தென்கரை இங்கிலாந்து. தென்கரைப் புல்வெளிக்கு இந்தச் சட்டம் கிடையாது. அங்கே பொதுப்பாதை என்று பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் நடக்க வேண்டும். நீங்கள் நின்றதோ முழுக்க ஸ்காட்லாந்துக்குள். போதாததற்கு, பார்டர்ஸ் என்ற அந்த எல்லைப்புற வட்டாரத்தின் மடாலயங்களை இணைக்கும் நெடும்பாதையே அந்தக் கரையில்தான் போகிறது. ஊரே நடக்கிற பாதையில் போய் வம்பு என்று திரும்பினீர்களே!

"புல்லைத் தவிர ஒன்றுமில்லை" என்ற வரிக்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ட்வீடுக்கும் டெவியட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தப் புல்தான் ராக்ஸ்பரா. 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் முக்கியமான நாலைந்து ஊர்களில் ஒன்று. நாணயசாலை, தேவாலயங்கள், கம்பளிச் சந்தை எல்லாம் அங்கே இருந்தன. மேலே கோட்டை. அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் நூறு வருஷத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்ததில் ஊர் தேய்ந்தே போனது. 1460இல் அதை மீட்க வந்த ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பீரங்கி என்றால் கொள்ளை ஆசை. பக்கத்திலேயே நின்றார். சொந்தப் பீரங்கி வெடித்துச் செத்தார், வயது 29. ராணி முற்றுகையை விடவில்லை. கோட்டை விழுந்தது. சிறுவனான மகனுக்குக் கெல்ஸோ மடாலயத்தில் முடிசூட்டினார்கள். எதிரி திரும்ப வந்து பிடித்துவிடக் கூடாதென்று கோட்டையைத் தாங்களே இடித்தார்கள். மேட்டின் மேல் துண்டுச் சுவர்கள் சில இன்னும் நிற்கின்றன. கேட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே வேறு நடை எதுவும் சொல்வதாக இல்லை, இதையே முடித்துவிட்டு வாருங்கள். ஆற்றோரம் சமதரைதான். மேட்டின் மேல் ஏற வேண்டாம், கீழிருந்தே சுவர் தெரியும். மழை பெய்திருந்தால் சேறு வழுக்கும், கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

வயலில் கன்றோடு மாடு நின்றால் உங்கள் கணவர் சொல்வது நியாயம், விலகிச் சுற்றிப் போங்கள். ஆட்டுக்கெல்லாம் பயந்துகொண்டு பழியை நிலத்துக்காரர் மேல் போட்டால், உங்கள் கணவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நம்பர் அனுப்புங்கள்.