ஆயில் மாற்றுவது எளிது. பழைய ஆயிலை எங்கே கொண்டுபோவீர்கள்?

கேள்வி: மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக்குத் தினமும் 100 சிசி பைக்கில் வேலைக்குப் போய்வருகிறேன். போக வர 75 கி.மீ. ஆகிறது. கடைசியாக ஆயில் மாற்றியபோது ஆயிலுக்கு 430, கூலி 180, ‘இதர பொருட்கள்’ என்று 70, ஆக 680 ரூபாய்க்கு பில் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் ஆயில் கேஜை எடுத்துப் பார்த்தால் கருத்திருந்தது. மாற்றவே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. வண்டிக்கு உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. இனி நானே மாற்றிக்கொள்ளலாமா?
— மண்டபம் வாசகர்

பதில்: தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். பழகிவிட்டால் அரை மணி நேர வேலை. ஆனால் முதலில் அந்த மெக்கானிக்குக்கு நியாயம் செய்துவிடுவோம். ஆயில் கருத்துப்போனதை மட்டும் வைத்து அவர் மாற்றவில்லை என்று முடிவு கட்ட முடியாது. இன்ஜினுக்குள் சேரும் கரியையும் அழுக்கையும் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் தங்கியிருக்கும். அதனால் நல்ல ஆயிலும் சில நூறு கிலோமீட்டரில் நிறம் மாறும். சந்தேகம் வராமல் இருக்க ஒரே வழி, பக்கத்தில் நிற்பதுதான். டப்பாவின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளின் டப்பா உங்களுடையது.

அந்த 70 ரூபாயை விடாதீர்கள். ‘இதர பொருட்கள்’ என்பது எந்தப் பொருளின் பெயரும் அல்ல. வாஷரா, கிரீஸா, துடைக்கும் துணியா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. டப்பாவில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம்.

இப்போது கணக்கு. மாதம் 24 நாள் ஓடினால் 1,800 கி.மீ. உங்கள் வண்டிப் புத்தகத்தில் 3,000 கி.மீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தால், ஆண்டுக்கு ஏழு முறை. ஒவ்வொரு முறையும் 250 ரூபாய் மிச்சம் என்றால் 1,750 ரூபாய். முதல் ஆண்டில் ஸ்பேனர், புனல், வடிதட்டு, கையுறைக்கு அதில் ஒரு பகுதி போய்விடும். என்னைக் கேட்டால், பணத்தைவிடப் பெரிய லாபம் வேறு: வண்டியின் அடிப்பக்கத்தை ஆண்டுக்கு ஏழு முறை நீங்களே பார்க்கிறீர்கள். உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு அது பெரிய வைத்தியம்.

ஆயில் வாங்கும்போது கடைக்காரர் எடுத்து நீட்டுவதை அப்படியே வாங்காதீர்கள். ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் 10டபிள்யூ-30 போன்ற எண்ணை வண்டிப் புத்தகத்தில் பார்த்து அதையே கேளுங்கள். டப்பாவின் பின்புறம் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற குறி இருக்க வேண்டும்; பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கு அதுதான் அடையாளம். பைக்கில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. கார் ஆயில் சிலவற்றில் வழுக்கலைக் கூட்டும் சரக்கு சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம் ஏறுமே தவிர வண்டி ஏறாது. மலிவாகக் கிடைக்கிறது என்று கார் ஆயிலை வாங்கி ஊற்றி, பிறகு கிளட்ச் தட்டு மாற்றியவர்கள் இருக்கிறார்கள். போலிச் சரக்கும் நடமாடுகிறது. சீல், தயாரித்த மாதம், தொகுதி எண் மூன்றையும் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். விலையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் காலி டப்பாவையும் ஆணியால் ஓட்டை போட்ட பிறகே எறியுங்கள். ஓட்டையில்லாத டப்பா போலிக்காரன் கைக்குப் போனால் மறுபடி நிறைந்து கடைக்கு வரும்.

வேலைக்குக் காலை நேரமே நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியில் வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். ஆயில் மூடியைத் திறந்த ஒரு நிமிடத்தில் மணல் உள்ளே போய்விடும். சுவர் மறைவில், சமதரையில் மெயின் ஸ்டாண்ட் போடுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன்பே அதைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். நீண்ட ஓட்டத்திலிருந்து வந்தவுடன் கை வைத்தால் தோல் வெந்துபோகும்.

ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் இன்ஜினின் அடியில் இருக்கிறது. பல 100 சிசி வண்டிகளில் 17-ஆம் எண் ஸ்பேனர் பிடிக்கும். இங்கேதான் புதியவர்கள் திசையில் ஏமாறுகிறார்கள். மேலிருந்து கையைவிட்டுத் துழாவித் திருப்பாதீர்கள். குனிந்து, போல்ட்டின் தலையைக் கண்ணால் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். போல்ட் இரும்பு, அது ஏறும் இன்ஜின் பெட்டியோ அலுமினியம். திசை மாறி அழுத்தினால் மரை போய்விடும்; பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும், நீங்கள் மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கேயே கரையும். ஆயில் வடிந்தபின் திரும்பப் பூட்டும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய்தான் விலை. போல்ட்டை விரலாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். விரலுக்கு வராமல் சிக்கினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். கழற்றி மறுபடி ஏற்றுங்கள். ஸ்பேனரால் கடைசி இறுக்கம் மட்டும் போதும். ஸ்பேனரில் குழாயைச் சொருகி இழுக்கிற வழக்கம் வேண்டாம்.

ஆயிலுக்குப் பேப்பர் ஃபில்டர் உள்ள வண்டி என்றால், புத்தகம் சொல்லும் தவணையில் அதையும் மாற்றுங்கள்.

டப்பா முழுவதையும் கவிழ்த்துவிடாதீர்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும்; 900 மி.லி. டப்பா விற்பது அதனால்தான். புத்தகத்தில் இரண்டு அளவுகள் போட்டிருந்தால், ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டிய குறைந்த அளவையே எடுங்கள். மற்றது இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது ஊற்றுவது. ஊற்றியபின் இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து, கேஜைத் துடைத்து விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் கேஜைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றால் சரி. அதிகமானால் ஆயில் நுரைக்கும், இன்ஜின் சீல் வழியாகக் கசியும்.

கேள்வி: மீன் ஏற்றும் வண்டி. ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகி ஒழுகி டிரெயின் போல்ட் துருவேறிக் கிடக்கிறது. என்ன செய்வது?
— ஏர்வாடி வாசகர்

பதில்: இதை நீங்கள் முயல வேண்டாம். தலையின் முனைகள் மழுங்கிவிட்டால் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. இந்த ஒருமுறை மெக்கானிக்கிடம் கழற்றச் சொல்லி, புதுப் போல்ட்டும் வாஷரும் போட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் நீங்களே செய்யலாம். வாய் திறந்த ஸ்பேனர் வேண்டாம், ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். தினமும் வியாபாரம் முடிந்ததும் அடிப்பக்கத்தில் இரண்டு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் துரு தள்ளிப்போகும்.

கேள்வி: பைக்குக்கு வாங்கி மிஞ்சிய ஆயிலை மனைவியின் ஸ்கூட்டரில் ஊற்றலாமா?
— கீழக்கரை வாசகர்

பதில்: ஸ்கூட்டருக்கென்று ‘எம்பி’ குறி போட்ட ஆயில் வருகிறது, அதையே ஊற்றுங்கள். அந்த ஆயிலைப் பைக்கில் ஊற்றுவதுதான் பெரிய தவறு, கிளட்ச் வழுக்கிவிடும். ஸ்கூட்டரின் பின்சக்கரப் பக்கத்தில் தனியாகக் கொஞ்சம் கியர் ஆயில் இருக்கிறது. பலர் அதை மறந்தே போகிறார்கள்.

கேள்வி: வண்டி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. நானே மாற்றினால் உத்தரவாதம் போய்விடுமா?
— தொண்டி வாசகர்

பதில்: கை வைக்காதீர்கள். குறித்த நாளில், அங்கீகரித்த பணிமனையில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது உத்தரவாதக் கையேடுகளில் வழக்கமான நிபந்தனை. பில்களைச் சேர்த்து வையுங்கள். நாளைக்கு இன்ஜின் பழுதாகி நிறுவனம் கைவிரித்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: வடித்த ஆயிலைக் கொல்லை மணலில் ஊற்றினால் உறிஞ்சிவிடுகிறது. மிச்சத்தை வேலிக் கம்பத்துக்குப் பூசுகிறோம். இதில் என்ன தவறு?
— தங்கச்சிமடம் வாசகர்

பதில்: நீங்கள் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது. சுற்றிலும் உப்புக்கடல், மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால் கிடைக்கும் நீர் அது. ஆயிலை உறிஞ்சிய மணல் அதை எங்கும் அனுப்பிவிடவில்லை. அடுத்த மழையில் அது உங்கள் ஊற்றுக்கே இறங்கும். பழைய ஆயிலில் இன்ஜினிலிருந்து தேய்ந்த உலோகத்தூளும், புற்றுநோய்க்குக் காரணமாகும் கரிப்பொருள்களும் இருக்கின்றன. வேலிக் கம்பத்திலும் பூசாதீர்கள். அந்தக் கம்பத்தைப் பிள்ளைகள் பிடிக்கிறார்கள், ஆடு உரசுகிறது.

கடலுக்குப் போனால் இன்னும் மோசம். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் கடற்புல்லும், மீன்குஞ்சுகள் ஒதுங்கும் பவளப்பாறையும் கரையை ஒட்டித்தான் இருக்கின்றன.

சட்டப்படியும் இது சாதாரணக் குப்பை அல்ல. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். அது மறுசுழற்சிக்குப் போவதற்கு ஆயில் நிறுவனங்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எனவே போல்ட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்பே இடத்தைப் பேசி வைத்துவிடுங்கள். பெரிய பணிமனைகளில் பழைய ஆயிலை பீப்பாயில் சேர்த்து, எடுத்துப்போக வருபவர்களிடம் கொடுக்கிறார்கள். வடித்ததைத் தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், மூடியுள்ள ஒரு பழைய கேனில் ஊற்றி, ‘பழைய ஆயில்’ என்று எழுதிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். மூன்று நான்கு முறை வடித்தது சேர்ந்ததும் இராமநாதபுரம் போகும் நாளில் எடுத்துச் செல்லுங்கள். புது ஆயில் வாங்கும் கடையிலேயே, “பழையதை எடுத்துக்கொள்வீர்களா, அல்லது எடுப்பவர் யாரென்று சொல்வீர்களா?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் முகம் திருப்பும் கடையில் அடுத்த டப்பாவை வாங்க வேண்டாம். ஏன் வாங்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.