விதானையாரைக் கேளுங்கள்: பொட்டும் மதிலும்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் களவும் வாளும்தான். 31 வருடம் விதானை (கிராம சேவையாளர்) வேலை பார்த்தவனிடம் வேறென்ன கேட்பீர்கள்! காணி உறுதிக் கேள்விகளை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றை எடுக்கிறேன்.

நானும் மனுசியும் ஓய்வு எடுத்தபிறகு கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு மாதம் வந்திருக்க ஆசைப்படுகிறோம். மகன் யூரியூப்பில் வாள்வெட்டுச் செய்திகளைக் காட்டி, "யாழ்ப்பாணத்தின் குற்ற வீதம் தெரியுமா அப்பா?" என்று மறிக்கிறார். உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும்? (வாசகர், ரொறன்ரோ)

மகனுக்கு அக்கறை இருக்கிறது, நல்லது. ஆனால் அந்த வீதத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள். பொலிஸில் ஒரு வருடத்தில் பதிவான குற்றங்களைச் சனத்தொகையால் பிரித்து, இலட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வதுதான் வீதம். 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாநகர சபை எல்லைக்குள் ஏறக்குறைய 88,000 பேர். கொழும்பு மாநகர சபைக்குள் 5,60,000 பேர். இங்கே ஒரு கொலை கூடினால் வீதம் ஒன்றுக்கு மேல் ஏறிவிடும். அங்கே அதே ஒரு கொலைக்கு 0.2 கூட ஏறாது. சின்ன நகரத்தின் வீதம் இப்படித்தான், ஒரு வருடம் துள்ளும், மறு வருடம் படுக்கும்.

அதோடு, அந்த 88,000 இங்கே குடியிருக்கிறவர்களின் கணக்கு. பெரியகடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் ரியூசனுக்கும் பகலில் வந்துபோகிற வடமராட்சி, தென்மராட்சி, தீவகத்துச் சனம் அதில் இல்லை. நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் கேட்கவே வேண்டாம். வேலணைக்காரரின் பொக்கற் பஸ் நிலையத்தில் அடிபட்டாலும் அது நகரத்தின் கணக்கில்தான் விழும்.

மறுபக்கமும் இருக்கிறது. பொலிஸ் புத்தகத்தில் ஏறாதது வீதத்திலும் ஏறாது. என் கந்தோருக்கு எத்தனை பெண்கள் வீங்கிய முகத்தோடு வந்திருப்பார்கள்! "முறைப்பாடு வேண்டாம் ஐயா, ஆளைக் கூப்பிட்டு ஒருக்கால் வெருட்டிவிடுங்கோ" என்பார்கள். 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபிறகும் அதே பேச்சுத்தான். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் என்று நான் சொன்னால், நான்தான் குடும்பம் பிரிக்க வந்தவன் போலப் பார்ப்பார்கள். இவற்றில் ஒன்றாவது மகன் பார்த்த வீதத்தில் இருக்காது. அதனால் ஒரு வருடம் எண்ணிக்கை கூடினால், குற்றம் கூடியதா, சனம் துணிந்து முறையிடத் தொடங்கியதா என்று இரண்டையும் யோசிக்க வேண்டும்.

வாள்வெட்டு பொய்யில்லை. இலக்கத்தகட்டை மறைத்து, முகத்தைக் கட்டிக்கொண்டு நாலைந்து மோட்டார் சைக்கிளில் வந்து, வீட்டுக் கண்ணாடியையும் நிற்கிற வாகனத்தையும் நொருக்கிவிட்டுப் போவார்கள். ஆவா என்ற வாள்வெட்டுக் குழுவின் பெயரை ரொறன்ரோவில் இருக்கிற நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் நான் பார்த்தவரை, அவர்கள் ஒழுங்கை மாறி வருகிறவர்கள் அல்ல. பழைய கோபம், காதல், கொடுக்கல் வாங்கல், காணி என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். வெளிநாட்டுக் காசில் நடந்தவை என்று பொலிஸார் சொன்ன சம்பவங்களும் உண்டு. ஆகவே உங்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி குற்ற வீதம் பற்றியதல்ல. அந்த வீட்டுக்குச் சகோதரங்களோடு பிரச்சினை ஏதும் இருக்கிறதா? இருந்தால் ரிக்கற் போட முதல் பேசி முடியுங்கள்.

அடுத்தது வீதி. நாடு முழுவதும் ஒரு வருடத்தில் கொலையாகிறவர்கள் ஐந்நூறு, அறுநூறு பேர். வீதி விபத்தில் சாகிறவர்கள் 2,000 பேருக்கு மேல். கோண்டாவில் சந்தியில் பலாலி வீதியைக் கடக்கும்போது கனடாப் பழக்கத்தில் இடப்பக்கம் முதலில் பார்ப்பீர்கள். இங்கே மினிபஸ் வலப்பக்கத்தால் வரும். என்னைக் கேட்டால் மகன் பயப்பட வேண்டியது அந்த மினிபஸ்ஸுக்குத்தான்.

இனிக் களவு. ஆறு மாதம் இருந்துவிட்டு மிச்ச ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவீர்கள் அல்லவா? அங்கேதான் விசயம். நீங்கள் போன காலத்தில் உங்கள் ஒழுங்கையில் கிடுகு வேலிகள் இருந்திருக்கும். வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழைகிற ஓட்டை, இருக்கும். அந்தப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு மாமி கறிவேப்பிலை கேட்டு வருவா, கோழி போகும், சண்டைகூட அதால்தான் போகும். பின்வளவில் காய்ந்த பனையோலை சரசரத்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இப்போது வந்து பாருங்கள். வெளிநாட்டுக் காசில் ஆறடி மதில், இரும்புக் கேற், உச்சியில் போத்தல் ஓடு. கள்ளன் அந்த மதிலை ஏறி விழும்வரைதான் அவனுக்குக் கஷ்டம். விழுந்தபிறகு அவனை ஒருவருக்கும் தெரியாது. ஆறுதலாக இருந்து யன்னல் கம்பியை அறுக்கலாம். என் பிரிவில் 2016இல் ஒரு பூட்டிய வீட்டில் களவு போனது, கள்ளர் உள்ளே தேத்தண்ணி வைத்துக் குடித்திருக்கிறார்கள். கோப்பை கழுவாமல் கிடந்தது. அந்த வீட்டு மதில்தான் எங்கள் ஒழுங்கையிலேயே உயரமானது.

மதிலை உடைக்கச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு குடும்பத்தை வாடகையில்லாமலாவது இருத்துங்கள். முடியாவிட்டால், முற்றம் கூட்டி, பின்னேரம் விளக்குப் போட ஒருவரை வையுங்கள். கேற்றடியில் ஒரு மாதத்துக் குப்பையும் காய்ந்த மாவிலையும் குவிந்து கிடந்தால், அதைவிடக் கள்ளனுக்கு வேறு அழைப்பு வேண்டாம்.

மகன் ஏ.எல். எழுதிவிட்டு நிற்கிறான். புதுக் கூட்டாளிகள், புதுப் போன். காசு எங்கால என்று கேட்டால் பாய்கிறான். இரவு பதினொரு மணிக்கு ஆரோ வந்து ஹோர்ன் அடிக்கிறார்கள். பொலிஸுக்குச் சொல்லவா? (தாய், சுன்னாகம்)

அவசரப்படாதீர்கள் பிள்ளை. முதலில் போதைப்பொருளா, வெறும் ஊர் சுற்றலா என்று பாருங்கள். நித்திரை தலைகீழாகிறதா, உடம்பு மெலிகிறதா, வீட்டில் சின்னச் சின்னச் சாமான் காணாமல் போகிறதா? ஐஸ் பாவிக்கிற பொடியனுக்கு இரண்டு மூன்று நாள் நித்திரையே வராது, பிறகு ஒரேயடியாகப் படுத்துக் கிடப்பான். அப்படி ஏதும் தெரிந்தால் 1927க்கு எடுத்துப் பேசுங்கள், அது அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். வெளிநாட்டில் இருக்கிற மாமன்மார் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறோம் என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஹோர்ன் அடிக்கிற பொடியனை ஒருநாள் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். ஆற்றை பிள்ளை, எந்த ஊர் என்று கேளுங்கள். பெயரும் ஊரும் சொல்லத் தயங்கினால், அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

கமரா நல்லதா, நாய் நல்லதா? (வாசகர், மானிப்பாய்)

நாய். கமராவில் ஹெல்மட் போட்ட ஒருவர் வந்து போவது மிக வடிவாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நாயைப் பின்னேரம் அவிழ்த்துவிட வேண்டும், பகல் முழுக்க ஒழுங்கையில் விட்டுப் போகிற வருகிறவர்களைக் கடிக்க வைப்பதல்ல. ஊசியும் போடுங்கள்.

திருநெல்வேலியில் ரியூசன் முடிந்து ஏழு மணிக்குச் சைக்கிளில் வரும்போது இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து கதை விடுகிறார்கள். வீட்டில் சொன்னால் ரியூசனை நிப்பாட்டிவிடுவார்கள். (மாணவி)

வீட்டில் சொல்லுங்கள் மகள். இந்தப் பகுதியைக் கிழித்து அப்பாவிடம் கொடுங்கள், மிச்சத்தை அவருக்கு எழுதுகிறேன்.

அப்பா, ரியூசனை நிப்பாட்டினால் தண்டனை உங்கள் பிள்ளைக்கு. செய்கிறவனுக்குத் தண்டனை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் இருக்கிறது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுத்தால் 5 வருடம்வரை சிறை. இரண்டு கிழமைக்கு நீங்கள் சைக்கிளில் பத்தடி பின்னால் போங்கள். மோட்டார் சைக்கிள் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள், அவசரமென்றால் 119. அந்த ஒழுங்கையில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

பஸ் நிலையத்தடியில் விட்ட சைக்கிள் களவு போய்விட்டது. பழைய லுமாலா. முறைப்பாடு செய்து என்ன பயன்? எனக்குச் சிங்களமும் தெரியாது. (வாசகர், சாவகச்சேரி)

சைக்கிள் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாளை அந்தச் சைக்கிளில் போய் ஒருவன் சங்கிலி அறுத்துவிட்டு அதைப் போட்டுவிட்டு ஓடினால், உங்கள் படலையில்தான் பொலிஸ் வந்து நிற்கும். அதற்காகவாவது போங்கள்.

சிங்களம் தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைப் பாருங்கள். நீங்கள் வாயால் சொல்லும் முறைப்பாட்டை, சொன்ன மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அவருக்கு முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நிறம், சைக்கிள் பிரேமில் உள்ள இலக்கம், எங்கே விட்டீர்கள், எத்தனை மணி என்பதெல்லாம் இருக்கட்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறிக்காமல் திரும்பி வராதீர்கள்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த நானே ஒருமுறை விட்டுவிட்டேன். 2019இல் என் கிணற்றடியில் இருந்த தண்ணி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பொலிஸ் நிலையத்தில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் என் தமிழைப் பாதி விளங்கிச் சிங்களத்தில் எழுதினார். நல்ல பொடியன், கதிரை எல்லாம் தந்தார். வெயில், பசி, நானும் வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, "ஐயா, மோட்டார் சைக்கிள் புத்தகத்தைக் கொண்டு வாங்கோ" என்றார்கள். என் வாழ்நாளில் நான் மோட்டார் சைக்கிள் வைத்திருந்ததே இல்லை. அதைத் திருத்துவதற்கு மூன்று தரம் போய்வந்தேன். மோட்டார் கிடைக்கவில்லை. புதிதாக வாங்கியதைச் சங்கிலி போட்டுக் கிணற்றுக் கட்டோடு பூட்டியிருக்கிறேன். திறப்பு மனுசியிடம்.