கழன்று விழுந்த செருப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்று நரம்பைக் காக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செல் சவ்வே கொழுப்பால் ஆனதுதானே? அதைச் சிதைத்தால் கேடுதானே வரும்? அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போகிறது. சவ்வில் இருக்கும் கொழுப்பான லெசிதினை மாத்திரையாக வாங்கிக் கொடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

மாத்திரையை என்னிடம் கேட்காதீர்கள். சர்க்கரை, பி12 குறைவு என்று பாதம் மரத்துப்போக எத்தனையோ காரணம் உண்டு. இந்த வாரமே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

'சிதைத்தால் கேடு' என்கிறீர்களே, அதோடுதான் எனக்குச் சண்டை. சவ்வு ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. செல் அதைப் பிரித்துப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. நான் எழுதிய நியூரோபதி டார்கெட் எஸ்டரேஸ், சவ்வின் முக்கியக் கொழுப்பான பாஸ்ஃபாடிடைல்கோலினிலிருந்து கொழுப்பு அமிலத்தைக் கழற்றிவிடும் நொதி. பழ ஈயில் அதற்கு இணையான மரபணு பழுதானால் மூளை ஓட்டை ஓட்டையாகிறது. அந்த மரபணுவின் பெயரே 'சுவிஸ் சீஸ்', ஓட்டைகள் நிறைந்த பாலாடைக்கட்டியின் பெயர். பிரிக்கிறவன் இல்லாத வீடு நிற்காது கே., இதை எத்தனை முறை எழுதுவது!

1930இல் அமெரிக்காவில், மதுவிலக்குக் காலத்தில், மதுவுக்குப் பதிலாகக் குடித்த சாராயம் கலந்த இஞ்சிச் சாற்றில் ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் என்ற வேதிப்பொருளைக் கலந்து விற்றார்கள். குடித்த பல்லாயிரம் பேருக்குக் கால் விளங்காமல் போனது. அந்த நஞ்சு இந்த நொதியைத்தான் வேலை செய்யவிடாமல் பூட்டிவிடுகிறது. சில பூச்சிமருந்துகளும் அப்படித்தான்.

என் சித்தப்பா உடம்பில் ஒருமுறை பூச்சிமருந்து தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அட்ரோபின் என்ற மாற்றுமருந்தை ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் இருக்கும். முன்னால் நடந்துகொண்டிருந்தவரின் வலது கால் செருப்பு கழன்று கிடந்தது. அவருக்குத் தெரியவே இல்லை, நாலடி போய்விட்டார். எடுத்து மாட்டிவிட்டேன். மறுபடி கழன்றது. 'படுத்தே கிடந்த சோர்வு' என்றார் பார்த்த மருத்துவர். நாங்களும் நம்பினோம். பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் புரிந்தது: நொதி முதல் நாட்களிலேயே பூட்டப்பட்டுவிடும், நரம்பு வாட இரண்டு மூன்று வாரம் ஆகும். இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரு மீட்டர் அளவுக்கு ஓடும் ஆக்சானில், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழையில், நுனிதான் முதலில் வாடும். அன்றே அந்தச் செருப்பைப் பற்றி யாரிடமாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மாவுக்கு நடக்கும்போது செருப்பு காலில் நிற்கிறதா? பார்த்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.