முட்டும்போது பையன் கண்ணை மூடிக்கொள்கிறான்

கால்பந்தைத் தலையால் முட்டும்போது பந்து படவேண்டிய இடம் நெற்றி, முடி தொடங்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே. உங்கள் 12 வயது மகன் கண்ணை மூடுகிறான், முட்டியதும் வலி என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணை மூடினால் தலை தானாகக் குனியும், பந்து உச்சந்தலையில் இறங்கும். வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பந்தையும் பாருங்கள். பெரியவர்களின் 5-ம் எண் பந்தா? அவனுக்கு 4-ம் எண் போதும். காற்றைக் கல் மாதிரி அடைக்க வேண்டாம்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. பலூன் மட்டும். கடைசிவரை கண் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. அப்புறம் அவனே பந்தைக் கையில் பிடித்து நெற்றியில் தட்டட்டும். வாய் மூடி, தாடையை உள்ளிழுத்து, கழுத்தை விறைப்பாக வைக்கவேண்டும்.

3. இரண்டடி தள்ளி நின்று மெதுவாக எறியுங்கள். பந்து அவனை அடிக்கக் கூடாது, அவன் இடுப்பிலிருந்து முன்னால் வந்து பந்தை அடிக்கவேண்டும். இது பிடிபட்டால் பயம் பாதி குறையும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போதும்.

கூடவே வரும் 8 வயதுத் தம்பிக்கு இது வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-லேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் முட்டக் கூடாது என்று அறிவித்துவிட்டது. 11 முதல் 13 வரை பயிற்சியில் வரம்பு உண்டு.

ஒன்று மட்டும்: முறை சரியாக இருந்தாலும் மூளைக்கு அதிர்ச்சி இல்லாமல் போகாது. தலைவலி, மயக்கம், குமட்டல், தடுமாற்றம், எது வந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை களத்தில் இறக்காதீர்கள்.