சேசிஸ் நம்பருக்கும் வில்லங்கம் போட்டுப் பாக்கணும்

2018ல மான்டரே ஏலத்துல 4.84 கோடி டாலருக்கு போன ஃபெராரி 250 ஜிடிஓ பத்தி போன இதழ்ல எழுதியிருந்தேன், அதுல இருந்து வர்ற லெட்டர்ல பாதிக்கு மேல பழைய இத்தாலி ரேஸ் கார் பத்திதான். நாலு கேள்வி மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், ஒரே சேசிஸ் நம்பர்ல ரெண்டு கார் இருக்குன்னு படிச்சேன். அப்ப அதுல ஒண்ணு டூப்ளிகேட்தானே? (வாசகர், ஈரோடு)

அப்படி டக்குன்னு சொல்லிட முடியாதுங்க, இதுல இருக்கற பெரிய தலைவலியே அதுதான். 1950கள்ல இந்த கார்கள யாரும் பொக்கிஷமா நினைக்கல, ஞாயித்துக்கிழமை அடிபட்டா அடுத்த ரேஸுக்குள்ள மறுபடி ஓடணும் அவ்ளோதான், எஞ்சின் போச்சுன்னா வேற எஞ்சின், சேசிஸ் (காரோட அடிச்சட்டம்) வளைஞ்சா வேற சேசிஸ், பாடி பழசாயிடுச்சுன்னா மோடெனால ஸ்கால்யெட்டி பட்டறைலயோ ஃபான்டுட்சி கிட்டயோ புது பாடி. கழட்டினத ஒரு மூலைல போட்டு வச்சாங்க. முப்பது வருஷம் கழிச்சு விலை எகிறினப்போ அந்த மூலைல கெடந்த சேசிஸ ஒருத்தர் எடுத்து அதச் சுத்தி ஒரு காரையே கட்டிட்டார்னு வைங்க, இப்ப எது அசல்? நம்பர் அடிச்ச பழைய இரும்பு இவர்கிட்ட, அந்த பேர்ல விடாம ஓடிட்டிருந்த கார் அவர்கிட்ட.

கஸ்டம்ஸும் ஒரு காரணம். வெளிநாட்டு ரேஸுக்கு போகணும்னா பார்டர்ல கார்னேனு ஒரு பேப்பர் காட்டணும், அதுல இருக்கற நம்பரும் கார்ல இருக்கற நம்பரும் ஒத்துப் போகணும். அனுப்ப வேண்டிய காருக்கு பேப்பர் தயாரா இல்லன்னா, கைல இருக்கற பேப்பரோட நம்பர அந்த கார்ல அடிச்சு அனுப்பின ரேஸ் டீம்கள் உண்டு. யாரையும் ஏமாத்தணும்னு செஞ்சதில்ல, நாளைக்கு லாரி கெளம்பணும்ங்கற அவசரம். ஆனா இன்னிக்கு உக்காந்து தேடறவங்களுக்கு அதுதான் பெரிய முடிச்சு.

திருட்டுலயும் கார் ரெண்டாகும். 1954ல பண்ணின ஃபெராரி 375 ப்ளஸ், நம்பர் 0384ஏஎம், அமெரிக்காவுல ஒஹாயோல ஒருத்தர்கிட்ட பல வருஷம் வெயில்லயும் மழைலயும் கெடந்துச்சு, 1980கள்ல அங்கேருந்து திருடு போய் பெல்ஜியம் போய் சேர்ந்து அங்க முழுசா ரெடி பண்ணிட்டாங்க, சில பாகங்கள் மட்டும் ஒஹாயோ குடும்பத்துகிட்டயே இருந்துச்சு. பல வருஷ வழக்குக்கு அப்புறம் 2014ல குட்வுட் ஏலத்துல ஒரு கோடி பவுண்டுக்கு மேல போச்சு, அதுக்கப்புறமும் கோர்ட் கேஸ் நிக்கல.

1955ல இத்தாலில நடந்த மில்லே மிலியா ரேஸ்ல பிரிட்டிஷ் டிரைவர் ஸ்டர்லிங் மாஸ் பக்கத்து சீட்ல உக்காந்து வழி சொன்னாரே டெனிஸ் ஜென்கின்சன், அவர் இதுக்காகவே பழைய ரேஸ் கார்கள வகை வகையா பிரிச்சு வச்சார். பாகமெல்லாம் மாறியிருந்தாலும், காணாமலே போகாம தொடர்ந்து இருந்துட்டே வந்த கார் உண்மையானதுதான்ங்கறது அவர் கணக்கு. என் கட்சியும் அதுதான்.

கேள்வி: ஒரு காரோட ஹிஸ்டரிய தேடணும்னா எங்க ஆரம்பிக்கறது? (வாசகி, நாகர்கோவில்)

இந்த கேள்விக்கு பதில் சொல்ல எனக்கு ரொம்ப ஆசைங்க. நிலம் வாங்கறப்போ நாம என்ன பண்றோம், தாய்ப் பத்திரம் கேக்கறோம், வில்லங்கம் போட்டுப் பாக்கறோம், நடுவுல ஒரு பத்து வருஷம் யார் பேர்ல இருந்துச்சுன்னு தெரியலன்னா அட்வான்ஸ் குடுக்க மாட்டோம். இதுவும் அப்படியேதான். இத்தாலில 1927லயே பிஆர்ஏனு ஒரு பொது வாகனப் பதிவேடு ஆரம்பிச்சாங்க, எந்த தேதில யார் பேர்ல பதிவாச்சு, யாருக்கு கைமாறிச்சு, கடன் வாங்கி வாங்கியிருந்தா அந்த அடமானம், கடைசில நாட்ட விட்டு போனா அதுவும் அந்த பதிவுல ஏறும். ஆனா அந்த பதிவேட்டுக்குள்ள போக உங்களுக்கு பழைய நம்பர் பிளேட் தெரியணும். அதுல மாவட்ட எழுத்து இருக்கும், எம்ஓன்னா மோடெனா, பிஎஸ்ன்னா பிரேஷியா, எம்ஐன்னா மிலான்.

பிளேட்டுக்கு எங்க போறதுன்னா போட்டோவுக்கு. மில்லே மிலியாங்கறது பிரேஷியால கெளம்பி ரோம் போய் திரும்பி வர்ற ஆயிரம் மைல் ரேஸ், பொது ரோட்டுலயே ஓடினதால காருக்கு பிளேட் இருக்கும், போட்டோவும் ஏகப்பட்டது இருக்கு. 1949லருந்து நடந்த ரேஸ்கள்ல பாடில பெருசா எழுதியிருக்கற நம்பர்தான் கெளம்பின நேரம். மாஸோட மெர்சிடஸ்ல 722, காலைல 7 மணி 22 நிமிஷத்துக்கு கெளம்பினார். ஸோ போட்டோல இருக்கற அந்த நம்பர வச்சு ரேஸ் லிஸ்ட்ல டிரைவர் பேர புடிக்கலாம், அதே போட்டோல பிளேட் தெரிஞ்சா பிஆர்ஏல ஓனர் பேரையும் சேசிஸ் நம்பரையும் புடிக்கலாம், ஒண்ணுக்கொண்ணு ஒத்து வர்ற அந்த நிமிஷம் இருக்கே, ராத்திரி தூக்கம் வராது. ஒரு எச்சரிக்கை மட்டும், பிளேட்ல 'ப்ரோவா'ன்னு இருந்தா நம்பாதீங்க, அது டெஸ்ட் ஓட்ட கம்பெனி வச்சுக்கற பிளேட், இன்னிக்கு இந்த கார்ல நாளைக்கு அடுத்த கார்ல.

அப்புறம் பாடி. அலுமினிய தகட மணல் மூட்டை மேல வச்சு கையால தட்டி செஞ்சது, அதனால ஒரே மாடல்ல ரெண்டு கார் கூட அச்சா ஒண்ணா இருக்காது. ஹெட்லைட்டுக்கும் கிரில்லுக்கும் நடுவுல எவ்ளோ இடம், காத்து வர்ற கட்டம் எத்தனை, ரிவெட் எங்க இருக்கு, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம், இதெல்லாம் கைரேகை மாதிரி. சேசிஸ் குழாய்ல அடிச்ச நம்பர விட பாடில விழுந்த ஒரு ஒடுக்க நான் அதிகமா நம்புவேன், நம்பர அரைச்சு எடுத்துட்டு வேற அடிக்க ஒரு ராத்திரி போதும். (அரைச்சாலும் அடில இருக்கற இரும்பு அழுந்தியிருக்கும், ஆசிட் தடவினா பழைய நம்பர் மங்கலா மேல வர்றது உண்டு.) ஏன் இவ்ளோ பொய்யின்னா, இப்ப நடக்கற மில்லே மிலியால கலந்துக்கணும்னா 1927லருந்து 1957 வரைக்கும் அந்த ரேஸ்ல ஓடின மாடலா இருக்கணும், அந்த காரே ஓடினதுன்னு காட்டிட்டா விலை எங்கயோ போயிடும்.

கேள்வி: ஃபெராரி நம்பர்ல ஒற்றைப்படை, இரட்டைப்படைன்னு ஏதோ இருக்காமே? (வாசகர், மதுரை)

இருக்கு. அந்த காலத்துல பொதுவா ரோட்டுல ஓட்டற காருக்கு ஒற்றைப்படை, ரேஸ் காருக்கு இரட்டைப்படை. பின்னாடி வர்ற எழுத்து மாடல சொல்லும், டிஆர்ன்னா டெஸ்டா ரோசா, எம்டின்னா மோண்டியால். 250 ஜிடிஓ பக்கா ரேஸ் கார்தான், ஆனா ஜிடி வகைல, அதாவது ரோட்டுல ஓட்டற கார் வகைல, பதிவானதால ஒற்றைப்படை.

கேள்வி: இப்ப கூட எங்கயாச்சும் கொட்டகைல இப்படி ஒரு கார் கெடைக்குமா? (வாசகர், தஞ்சாவூர்)

ஜிடிஓ மாதிரி கார் கெடைக்காதுங்க, மொத்தமே 36தான், ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு தெரியும். ஆனா ஒரு காலத்துல கெடந்துச்சு. 3589ஜிடிங்கற ஜிடிஓவ 1960கள்ல டெக்சாஸ்ல விக்டோரியாங்கற ஊர்ல ஒரு ஹைஸ்கூலுக்கு தானமா குடுத்துட்டாங்க, மெக்கானிக் வேலை படிக்கற பசங்க கழட்டி மாட்டி பழக! ஸ்கூல் அத 1972ல 6,500 டாலருக்கு வித்துடுச்சு, வாங்கினவர் ஒஹாயோல வயல்ல ஒரு டிரெய்லர் மேல நிறுத்தினார், வருஷக்கணக்கா அது திறந்த வெளிலயே நின்னுச்சு, 1980கள்லதான் அடுத்த கை மாறிச்சு. அதப் பாத்து அய்யோன்னு மனசு பதறுது, ஆனா தேடறவங்க பக்கத்துல இருந்து பாத்தா அந்த காருக்கு வில்லங்கமே இல்ல, ரேஸ் டீம்கிட்ட இருந்து ஸ்கூலுக்கு, ஸ்கூல்கிட்ட இருந்து அந்த ஒஹாயோக்காரருக்கு, நடுவுல ஒரு வருஷம் கூட அது எங்கன்னு தெரியாம போகல.