அப்பாவின் காலுக்கு பலூனா, ஸ்டென்டா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை நோய் உண்டு, சிகரெட்டை இன்னும் விடவில்லை. 200 மீட்டர் நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. காலில் புண் இல்லை. தொடை ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது. ஒரு டாக்டர் பலூன் போதும் என்கிறார், இன்னொருவர் ஸ்டென்ட் என்கிறார். அடைப்பைச் செதுக்கி எடுக்கும் முறையும் உண்டாமே? எது நல்லது?

பதில்: இருவர் சொன்னதும் தவறில்லை. பலூன் என்பது குழாய்க்குள் ஊதி அடைப்பை விரிப்பது; ஸ்டென்ட் என்பது குழாய் சுருங்காமல் உள்ளேயே விட்டுவைக்கும் வலைக்குழாய். அடைப்பு எவ்வளவு நீளம், எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு மாறும்.

குட்டையான அடைப்புக்குப் பலூன் நல்ல தொடக்கம். ஆனால் வெறும் பலூனால் விரித்த இடம் சில மாதங்களில் மறுபடி சுருங்குவது சகஜம். அதைக் குறைக்கத்தான் பாக்லிடாக்சல் மருந்து பூசிய பலூன் வந்தது. அந்த மருந்தால் இறப்பு கூடுகிறதோ என்று 2018இல் ஒரு சந்தேகம் கிளம்பியது. கூடுதல் தரவுகளைப் பார்த்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்று 2023இல் சொல்லிவிட்டது. பயப்பட வேண்டாம்.

பலூன் விரித்த பிறகும் குழாய் சுருங்கினாலோ, உள்சுவர் கிழிந்து ஓட்டத்தை மறித்தாலோ ஸ்டென்ட் தேவை. முழங்காலுக்குப் பின்னால் மட்டும் கூடியவரை தவிர்ப்போம். கால் மடங்கி மடங்கி அங்கே ஸ்டென்ட் உடையலாம். ஸ்டென்டுக்குள் மறுபடி அடைத்தால் திறப்பதும் சிரமம்.

செதுக்கும் முறை, கல்லாக இறுகிய அடைப்புக்கு உதவும். அதன் பிறகும் பெரும்பாலும் பலூன் போட வேண்டியிருக்கும். துகள்கள் கீழே போய் அடைக்கும் அபாயமும் உண்டு. எல்லோருக்கும் இதுதான் சிறந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போதே இதெல்லாம் வேண்டுமா? புண் இல்லை, ஓய்வில் வலி இல்லை. வாரம் 3 நாள், 30 முதல் 45 நிமிடம், வலி நன்றாகத் தெரியும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்கட்டும். 12 வாரத்தில் பலருக்கு நடக்கும் தூரம் கூடுகிறது. கூடவே ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் தரும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின், சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாம் வேண்டும். சிகரெட்டை அவர் விட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் எந்த முறையில் திறந்தாலும் மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு நடக்க முடியாமல் தவித்தால், மருந்து பூசிய பலூனைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள், ரத்தக்குழாயைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோவுக்குப் போடும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இரவில் பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, ஆறாத புண் வந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். கால் திடீரென்று ஜில்லிட்டு மரத்துப்போனால் அன்றே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.